சிகிச்சையில் இருக்கும் பெண்ணும் அன்றாட நெருக்கீடும்: சமாளிக்கும் திறன் என்றால் என்ன?

போதையை நிறுத்தி ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்த்து அயலில் உள்ளவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “இப்ப எல்லாம் சரிதானே?” உடம்பைப் பொறுத்தவரை ஓரளவு சரிதான். வாந்தி நின்றிருக்கும், கைநடுக்கம் குறைந்திருக்கும். ஆனால் அவர் வந்து இறங்கியிருப்பது பழைய வீட்டில். செவ்வாய்க்கிழமை நுண்கடன் வசூலிக்க ஆள் வரும். கணவன் ஒரு கிழமையாகக் கடலுக்குப் போகவில்லை. மாமி முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. முன்பு இவையெல்லாம் சேர்ந்து அழுத்தும்போது அவரிடம் ஒரு வழி இருந்தது: ஒரு குளிசை, ஒரு கிளாஸ், ஒரு பொட்டலம். அந்த வழியை அடைத்துவிட்டோம். பதிலுக்கு என்ன கொடுத்தோம்?

பெரும்பாலும் “பொறுத்துக்கொள், பிள்ளைகளை நினைச்சுப் பார்” என்ற புத்திமதியைத்தான். அது கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் எப்படிப் பொறுப்பது என்பதை அது சொல்லித் தருவதில்லை. அந்த ‘எப்படி’யைத்தான் சமாளிக்கும் திறன் என்கிறோம். சைக்கிள் ஓடுவதைப் போல, நீந்துவதைப் போல, அதுவும் பழகித்தான் வரும். குணத்தோடு பிறந்து வருவதில்லை.

நெருக்கீடு என்றால் எது?

ஊரில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. “ஒரே யோசனை”, “நெஞ்சுக்குள்ள பாரம்”, “தலை விறைக்குது”, “ரென்சன்” என்று கிளினிக்கில் பெண்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைத்தான். உளநலத் துறையில் உள நெருக்கீடு என்பார்கள். ‘மன அழுத்தம்’ என்ற சொல்லைச் சிலர் இதற்கும், சிலர் மனச்சோர்வு நோய்க்கும் பயன்படுத்துவதால் குழப்பம் வரும். ஆகவே இங்கே நெருக்கீடு என்றே எழுதுகிறோம்.

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் முன்வைத்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது. ஒரு சம்பவம் நடந்ததும் மனம் இரண்டு கேள்வி கேட்கிறது. முதலாவது, “இதனால் எனக்கு ஆபத்தா?” இரண்டாவது, “இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?” ஆபத்து பெரிது, கையில் இருப்பது சிறிது என்று கணக்கு வரும்போது உண்டாவதுதான் நெருக்கீடு. படலையில் யாரோ தட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணைக் காசு எடுத்து வைத்திருக்கும் பெண் எழும்பிப் போய்த் திறப்பார். காசு இல்லாதவருக்கு அதே சத்தம் வயிற்றைப் பிசையும். தட்டும் சத்தம் ஒன்றுதான். இரண்டாவது கேள்விக்கான விடைதான் வேறு. சிகிச்சையில் நாம் கைவைக்கக்கூடிய இடமும் அந்த இரண்டாவது கேள்விதான்.

உடம்பு என்ன செய்கிறது?

மூளை ஆபத்து என்று முடிவெடுத்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் அதிரினலினையும் கோர்ட்டிசோலையும் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலோடும், தசை இறுகும், பசி அடங்கும். மதுவும் நித்திரைக் குளிசையும் ஹெரோயினும் இந்த எழுச்சியைச் சட்டென்று அமர்த்துகின்றன. ஐஸ் (மெதம்பெற்றமின் என்ற ஊக்கப் போதைப்பொருள்) வேறு விதமாக வேலை செய்யும்: களைப்பையும் துக்கத்தையும் மறைத்து “என்னால முடியும்” என்ற உணர்வைத் தரும். எதுவாக இருந்தாலும் முதலில் பலன் கிடைத்தது உண்மை. அதை ஒத்துக்கொள்ளாமல் “அதால நீ என்ன கண்டாய்?” என்று கேட்பது சிகிச்சைக்கு உதவாது. ஏதோ கண்டதால்தான் திரும்பத் திரும்பப் போனார்.

சிக்கல் பிறகு வருகிறது. வெளியிலிருந்து வரும் பொருள் நாள்தோறும் அமர்த்திக்கொண்டே இருந்தால், ஈடுகட்டுவதற்காக மூளை தன் எச்சரிக்கை மணியை இன்னும் உரக்க அடிக்கப் பழகிக்கொள்ளும். பொருளை நிறுத்தியதும் அமர்த்த ஒன்றும் இல்லை, மணி மட்டும் உரக்க அடிக்கிறது. அதனால்தான் நிறுத்திய முதல் வாரங்களில், சிலருக்கு மாதங்களில்கூட, பால் பொங்கி வழிந்ததற்கும் அழுகை வரும்; பிள்ளை பென்சிலைத் தொலைத்ததற்கும் கை ஓங்கும். வீட்டார் இதைப் பார்த்து, “இதைவிட அவள் குடிச்சுக்கொண்டு இருக்கேக்க நல்லா இருந்தாள்” என்று சொல்வதுண்டு. அந்த ஒரு வசனம் எத்தனையோ பேரைத் திரும்ப அனுப்பியிருக்கும். இது சுபாவம் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. மூளை பழைய அளவுக்குத் திரும்பும் காலம் இது.

விடுபடும் காலத்தின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உடம்பு அறிகுறியை மனக்கஷ்டம் என்று எடுத்துக்கொண்டு மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்வது ஆபத்தாகலாம். நாள்தோறும் நிறையக் குடித்தவர் நிறுத்தினால் 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். இது உயிராபத்து. டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகளை மாதக்கணக்கில் எடுத்தவர் ஒரே நாளில் விட்டாலும் வலிப்பு வரலாம். வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், வைத்தியர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஹெரோயினில் ஒரு நாளுக்குள் உளைவும் வயிற்றோட்டமும் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமாகி, ஒரு கிழமை பத்து நாளில் தணியும். ஐஸ் நிறுத்தியவர் முதல் சில நாள் நித்திரையும் சாப்பாடுமாகக் கிடப்பார். பிறகு மனம் வெறுமையாகும், உயிரை வெறுக்கும் எண்ணமும் வரக்கூடும். கர்ப்பிணி ஹெரோயினையோ மதுவையோ தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. முதலில் வைத்தியரிடம் போக வேண்டும்.

பெண்களுக்கு ஏன் தனியாக எழுத வேண்டும்?

உடம்பு வேறு என்பது ஒரு காரணம். ஆணின் உடம்பைவிடப் பெண்ணின் உடம்பில் நீரின் பங்கு குறைவு, இரைப்பையில் மதுவை உடைக்கும் நொதியும் குறைவு. ஒரே எடையுள்ள கணவனும் மனைவியும் ஒரே அளவு குடித்தாலும் மனைவியின் இரத்தத்தில்தான் மது கூடுதலாக நிற்கும். தொடங்கியதிலிருந்து அடிமையாகும் வரையான காலமும் பெண்களுக்குப் பல வேளை சுருங்கிவிடுகிறது. ஆனால் சிகிச்சைக்கு வருவதோ பிந்தித்தான்.

பிந்துவதற்குக் காரணம் ஒளிப்பு. இலங்கையில் பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு விதி 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களுக்குள்ளேயே திரும்பவும் நடைமுறைக்கு வந்தது. விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், திருகோணமலையில் ஒரு பெண் தவறணை வாசலில் நின்று வாங்கப் போவதில்லை. கணவனோ தமையனோ தெரிந்தவரோ கொண்டுவந்து தருவார்கள். அப்படியென்றால் பொருள் தருபவரும் சோறு தருபவரும் ஒருவராகவே இருப்பார். “அந்தக் கூட்டாளிகளை விட்டு விலகு” என்று ஆண்களுக்குச் சொல்லும் புத்திமதி இங்கே பொருந்தாது. அவர் எந்த வீட்டை விட்டு விலகுவது?

குளிசை இன்னொரு வகை. சண்டைக் காலத்துக்குப் பிறகோ, 2004 கடற்கோளுக்குப் பிறகோ, பறிகொடுத்த துக்கத்தில் நித்திரை வராமல் யாரோ ஒருவர் எழுதிக்கொடுத்ததை ஆண்டுக்கணக்கில் வாங்கிப் போடும் பெண்கள் தங்களைப் போதைப்பொருள் பாவிப்பவர்களாக நினைப்பதே இல்லை. பிரகபலின், ட்ரமடோல் போன்ற நோவுக் குளிசைகளுக்கும் இது பொருந்தும். “மருந்துதானே” என்ற சொல் பெரிய திரை.

மாதவிடாய் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுவோம். மாதவிடாய்க்கு முந்திய ஏழெட்டு நாளில் எரிச்சலும் நித்திரைக் குழப்பமும் பலருக்குக் கூடும், அதோடு பொருளைத் திரும்பப் பாவிக்கத் தூண்டும் ஆவலும் கூடும். கலண்டரில் அந்த நாட்களைக் குறித்து வைத்தால் “காரணமில்லாமல் வந்தது” என்று தோன்றிய பாதி நாட்களுக்குக் காரணம் அகப்படும். ஹெரோயின் பாவிக்கும் பலருக்கு மாதவிடாய் நின்றுபோயிருக்கும். நிறுத்திய பின் அது திரும்பி வருவதற்கு முன்னரே கருத்தரிக்கலாம். எதிர்பாராத கர்ப்பத்தைப் போல நெருக்கீடு தருவது குறைவு என்பதால் குடும்பத் திட்டமிடலைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதல் மாதமே கதைப்பது நல்லது.

இரண்டு வழி

சமாளிக்கும் வழிகளை லாசரஸும் ஃபோக்மனும் இரண்டாகப் பார்த்தார்கள். பிரச்சினையையே மாற்றுவது ஒன்று. பிரச்சினை தரும் உணர்ச்சியைத் தணிப்பது மற்றது. இரண்டும் வேண்டும். எங்கே எது என்பதில்தான் பிசகு நடக்கிறது. மாற்றக்கூடிய பிரச்சினைக்கு மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருந்தால் கடன் வட்டியோடு வளரும். மாற்ற முடியாததை மாற்றப் போராடினால், காணாமல் போனவரைத் தேடிக் களைத்த தாயைப் போல, உடம்பும் மனமும் ஓய்ந்துபோகும்.

செய்முறை எளிது. ஒரு கொப்பித் தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் “என்ர கையில் இருக்கிறது”, வலப்பக்கம் “என்ர கையில் இல்லாதது”. இந்தக் கிழமை நெஞ்சை அழுத்தும் எல்லாவற்றையும் ஒன்றொன்றாகப் பிரித்து எழுத வேண்டும். ‘கடன்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அது எந்தப் பக்கமும் சேராது. கிண்ணியாவில் இருக்கும் ஒரு பெண்ணின் கடனை எடுத்துக்கொள்வோம்: எந்தெந்த இடத்தில் எவ்வளவு, கிழமைத் தவணை எவ்வளவு, எத்தனை தவணை பிந்தியிருக்கிறது, இவை தெரிந்துகொள்ளக்கூடியவை, இடப்பக்கம். வசூலிப்பவர் சத்தம் போடுவது வலப்பக்கம். அவர் வரும் நாளில் தனியாக நிற்காமல் அக்காவைக் கூப்பிட்டு வைத்திருப்பது திரும்பவும் இடப்பக்கம். பிந்திய தவணையைப் பற்றிக் கதைக்க அவர் வருமுன் தானே கடன் புத்தகத்தோடு கிளைக்குப் போவதும் இடப்பக்கம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பது பிரச்சினையை மாற்றுவது போலத் தெரியும். உண்மையில் அதுவும் ஒரு வகைக் குளிசைதான், இரண்டு கிழமைக்கு வேலை செய்யும்.

காசு கையில் இருப்பதே சிலருக்கு ஆவலைக் கிளப்பும் என்பதையும் கவனிக்க வேண்டும். சீட்டு விழுந்த நாள், வெளிநாட்டிலிருந்து பணம் வந்த நாள், அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) எடுத்த நாள் என்பவை நல்ல நாட்கள்தான், ஆனால் அபாய நாட்களும்கூட. அன்றைக்கு யார் கூட வருவது, காசு எங்கே போய்ச் சேரும் என்பதை முதல் நாளே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு: தள்ளிப்போடுதல், ஒளிந்துகொள்ளுதல், நினைக்காமல் இருத்தல். இதை முற்றாகத் தீயது என்று சொல்ல முடியாது. மோசமான ஓர் இரவைக் கடத்த நாடகத் தொடர் பார்ப்பது நல்ல தற்காப்பு. அது மூன்று கிழமை நீண்டால் தற்காப்பு இல்லை.

அந்தரம் வரும்போது

உணர்ச்சியைத் தணிக்கும் பயிற்சிகளில் பிழை விடுவதே பெரும்பாலும் நேரத்தில்தான். அந்தரம் உச்சத்தில் நிற்கும்போது முதன்முதலாகப் பழகப் பார்க்கிறார்கள். அது புயலுக்குள் நீந்தப் பழகுவது மாதிரி. காலையில், மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில், நாளுக்கு இருமுறை ஐந்து நிமிடம் என்று இரண்டு கிழமையாவது பழகினால்தான் வேண்டிய நேரத்தில் உடம்பு தானாகச் செய்யும்.

மூச்சு: மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் வேலை செய்வது. அது இதயத் துடிப்பை மெதுவாக்கும் நரம்பைத் தூண்டுகிறது. “நல்லா இழுத்து விடு” என்று யாராவது சொல்ல, வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலைசுற்றும், விரல் நுனி விறைக்கும், பயம் இன்னும் கூடும். அப்படி வந்தால் எண்ணுவதை விட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடத்தில் சரியாகும்.

நிலைகொள்ளல்: பழைய சம்பவம் கண்முன் வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும்போது இது மூச்சைவிட நல்லது. கண்ணைத் திறந்தபடி குந்தில் இருந்து, காண்கிற ஐந்து பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: வேலி, வாளி, பிள்ளையின் செருப்பு, கொடியில் காயும் சாரம், முருங்கை. பிறகு தொடக்கூடிய நான்கு, கேட்கிற மூன்று, மணக்கிற இரண்டு, வாயில் ருசிக்கிற ஒன்று. கருவாட்டு மணமும் பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் கேட்கிற ஊரில் இதற்குப் பஞ்சம் இல்லை. ‘கண்ணை மூடி அமைதியான இடத்தை நினையுங்கள்’ என்ற பயிற்சி வன்முறையைக் கண்டவர்களுக்கு எதிராக வேலை செய்யக்கூடும். மூடிய கண்ணுக்குள் முதலில் வருவது அந்தச் சம்பவம்தான். கண்ணைத் திறந்தே செய்யலாம், கதவைப் பார்த்தபடி இருக்கலாம்.

தசைத் தளர்த்தல்: எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் நூறு ஆண்டுகளுக்கு முன் உருவாக்கிய முறை. கைமுட்டியை ஐந்து விநாடி இறுக்கி, இருபது விநாடி தளரவிட்டு, வித்தியாசத்தைக் கவனிப்பது. பிறகு தோள், முகம், வயிறு, கால். படுக்கப் போகும்முன் நல்லது. அடிபட்டு நோகும் இடத்தையும் கர்ப்பிணியின் வயிற்றையும் விட்டுவிட வேண்டும்.

இனி ஆவல். இதற்கு ஆலன் மார்லற் என்ற உளவியலாளர் சொல்லிக்கொடுத்த ‘அலைமேல் மிதத்தல்’ திருகோணமலைக்காரருக்கு எளிதில் விளங்கும். நிலாவெளியில் கடல் குளித்தவருக்குத் தெரியும்: பெரிய அலைக்கு எதிரே விறைத்து நின்றால் விழுத்தும், திரும்பி ஓடினால் முதுகில் அடிக்கும், உடம்பைத் தளர்த்தி மிதந்தால் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். ஆவலும் அப்படித்தான் எழும்பி, உச்சத்துக்குப் போய், இறங்கும். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்துக்குள். எழும்பும்போது “இது இப்படியே கூடிக்கொண்டு போகும்” என்று தோன்றுவதுதான் ஏமாற்று. மணிக்கூட்டைப் பார்த்து, “இருபது நிமிடம் ஒன்றும் முடிவெடுக்க மாட்டன்” என்று மட்டும் வையுங்கள். எங்கே உணர்கிறது என்று பாருங்கள்: தொண்டையிலா, வயிற்றிலா, கையிலா? பத்துக்கு எத்தனை? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். இறங்குவதைத் தன் கையெழுத்தில் ஒருமுறை கண்டவருக்கு அடுத்த அலை அவ்வளவு பயம் தராது. இருந்த இடத்திலேயே பொருளோ அதைத் தருபவரோ இருந்தால் மிதத்தல் பலிக்காது. முதலில் எழும்பி வெளியே போக வேண்டும்.

அந்தரம் வந்தவுடன் நான்கு கேள்வி கேட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்றும் உண்டு: பசியா, கோபமா, தனிமையா, களைப்பா? பெண்களிடம் முதலாவதுதான் அடிக்கடி தப்பிப்போகும், ஏனென்றால் எல்லோருக்கும் போட்டுவிட்டுப் பிந்திச் சாப்பிடுபவர் அவர். இரத்தத்தில் சீனி இறங்கினால் வரும் நடுக்கமும் படபடப்பும் அந்தரத்தைப் போலவே இருக்கும். விரத நாட்களை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். கந்தசஷ்டியோ றமழான் நோன்போ, முதல் மாதங்களில் பிடிப்பதா, பிடித்தால் மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை வைத்தியரிடம் கேட்டு முடிவெடுப்பது நல்லது. நோயாளிக்கு இரு சமயத்திலும் விலக்கு உண்டு. தானாகவே மருந்தை நிறுத்திவிட்டு நோன்பு பிடிப்பதுதான் பிழை நடக்கும் இடம்.

நித்திரைக்கு ஒன்று மட்டும்: எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும்பும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். சுபஹுத் தொழுகைக்கு எழும்பும் வீடுகளில் இது தானாக அமையும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். வெக்கையில் மத்தியானம் கண் சொருகினால் அரை மணித்தியாலத்தோடு எழும்பிவிட வேண்டும்.

கலண்டரில் தெரியும் நெருக்கீடு

எல்லா நெருக்கீடும் திடீரென்று வருவதில்லை. பெரும்பகுதி முன்கூட்டியே தெரியும், நாம்தான் குறித்து வைப்பதில்லை. கிழமையில் வசூல் நாள். மாதத்தில் மாதவிடாய்க்கு முந்திய நாட்கள். ஆண்டில், திருகோணமலைக் கரைக்கு, வடகிழக்குப் பருவம்: நவம்பரிலிருந்து ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், படகு கரையில் கிடக்கும், வருமானம் இறங்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், குடியும் வீட்டுக்குள் வரும். அந்தக் காலத்துக்குள்தான் டிசம்பர் 26 வருகிறது. கடற்கோளில் ஆளை இழந்த வீட்டில் அந்த நாளின் கனம் வெளியில் தெரியாது. இறந்தவரின் திவசம், காணாமல் போனவர் போன நாள் என்பவையும் அப்படியே. இவற்றைக் கலண்டரில் வட்டமிட்டு, அந்தக் கிழமைக்கு ஒரு கிளினிக் நாளையோ, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் தங்குவதையோ முன்பே போட்டு வைத்தால் அது பாதி வேலை. கசிப்புக் காய்ச்சும் ஒழுங்கை வழியாகக் கடைக்குப் போகாமல் சுற்றிப் போகும் பாதையைத் தீர்மானிப்பதும் இதே வகைதான்.

வீட்டுக்குள்ளேயே ஒருவர் பாவித்தால்

இதுதான் மிகக் கடினமான நிலை, இதற்கு முழுத் தீர்வு எந்தப் பயிற்சியிலும் இல்லை. ஆனாலும் சில எல்லைகள் வைக்கலாம். வாங்கிவர அந்தப் பெண்ணை அனுப்பக் கூடாது, போத்தலைக் கழுவவோ தண்ணி கலந்து கொடுக்கவோ சொல்லக் கூடாது, பிள்ளைகளோடு அவர் படுக்கும் அறைக்குள் பொருள் வரக் கூடாது. இந்த மூன்றையும் கணவன் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், உளவளத்துணையாளர் முன்னிலையில் கதைத்து வைப்பது நல்லது. கணவனும் சிகிச்சைக்கு வந்தால் இருவருக்கும் நல்லது. வராவிட்டால் மனைவியின் சிகிச்சை அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மறுப்பதற்கும் வார்த்தை தயாராக இருக்க வேண்டும். “இல்லையக்கா, நான் மருந்து எடுக்கிறன், எனக்கு ஒத்துக்கொள்ளாது.” அவ்வளவுதான். காரணத்தை விளக்க விளக்க எதிரில் இருப்பவர் ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டே போவார். அதே வசனத்தை அதே குரலில் இரண்டாம் முறை சொல்லிவிட்டு எழும்பிவிட வேண்டும்.

அடி உதை இருக்கும் வீட்டில் எல்லை வைத்துக் கதைப்பது ஆபத்தாகலாம். அங்கே முதல் வேலை பாதுகாப்பு. அடையாள அட்டை, கிளினிக் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், இரண்டு நாள் மருந்து, பஸ் காசு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் வைத்திருக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ‘மிதுரு பியச’ என்ற பெயரில், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான நிலையம் இயங்குகிறது.

ஒருமுறை சறுக்கினால்

மார்லற் கவனித்த இன்னொன்று: ஒருமுறை பாவித்ததைவிட, அதன் பிறகு வரும் “எல்லாம் போச்சு, இனி என்ன” என்ற எண்ணம்தான் ஆளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகிறது. நம் ஊரில் இந்த எண்ணத்தை நாமே விதைத்து வைக்கிறோம். பத்ரகாளி அம்மன் முன்னிலையில் சத்தியம், பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம், குர்ஆன் மேல் சத்தியம். நல்லெண்ணத்தில்தான் வாங்குகிறார்கள். ஆனால் சறுக்கிய அன்று அந்தப் பெண் ஒரு கிளாஸ் குடித்தவராக மட்டும் இருப்பதில்லை, பிள்ளைக்குக் கேடு தேடியவராகவும் ஆகிவிடுகிறார். அந்தக் குற்ற உணர்ச்சியை ஆற்ற அவருக்குத் தெரிந்த மருந்து எது? அதுதான். சத்தியம் வாங்குவதை விட்டு, “பாவிச்சாலும் அன்றைக்கே என்னட்டைச் சொல்லு, நான் ஏசமாட்டன்” என்று ஒருவர் சொல்லி, சொன்னபடி நிற்பது எவ்வளவோ மேல்.

சறுக்கிய நாளுக்கான திட்டமும் முன்பே எழுதியிருக்க வேண்டும்: மிச்சத்தை வைத்துக்கொள்ளாமல் அந்த இடத்தை விட்டுப் போவது, அன்றைக்கே ஒருவருக்குச் சொல்வது, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் போவது. ஹெரோயின் பாவித்தவருக்கு உயிர் காக்கும் ஒரு விடயம்: சில கிழமை நிறுத்தினாலே உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும். முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்தக்கூடும். நித்திரைக் குளிசையோ மதுவோ சேர்ந்தால் இன்னும் விரைவாக. எழுப்பியும் எழும்பாமல், குறட்டை போல மூச்சு இழுத்து, உதடு நீலம் பாரித்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அழைக்க வேண்டும். என்ன எடுத்தார் என்பதை அம்புலன்ஸில் வருபவரிடம் ஒளிக்கக் கூடாது.

எங்கே பழகலாம்?

இந்தத் திறன்களைத் தாளில் வாசித்துப் பழகுவது கஷ்டம். ஆளோடு பழக வேண்டும். திருகோணமலையில் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு ஒரு தொடக்கம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கேட்கலாம். பலர் செயலகத்துக்கு ஏதோ பத்திர அலுவலாகப் போவது போலப் போய்வர முடிவதால் மானப் பிரச்சினை குறைவு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. தேசிய உளநல நிறுவகத்தின் இலக்கம் 1926. சாக வேண்டும் போன்ற எண்ணம் வந்தால் நேரே வைத்தியசாலைக்கு வர வேண்டும், அல்லது உடனே 1926க்கு எடுக்கலாம்.

வதிவிட நிலையத்துக்கு அனுப்ப நினைக்கும் வீட்டார் சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. பெண்களுக்குத் தனிப் பகுதியும் இரவில் பெண் ஊழியரும் உண்டா? தமிழில் கதைக்கும் உளவளத்துணையாளர் இருக்கிறாரா? பிள்ளையோடு எத்தனை நாளுக்கு ஒருமுறை கதைக்கலாம்? ஏற்கெனவே எடுக்கும் மருந்தைத் தொடர்வார்களா? வைத்தியர் வருவாரா? “கட்டிவைச்சு அடிச்சால்தான் திருந்துவாள்” என்று சொல்லும் இடம் சிகிச்சை நிலையமே இல்லை. வன்முறையைக் கண்டு போதைக்குப் போனவருக்கு அது அதே காயத்தைத் திரும்பக் கீறுவது. பிள்ளைகளைப் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் வராமல் இருப்பவர்களும் உண்டு. அம்மம்மாவோ சித்தியோ பிள்ளையைப் பொறுப்பெடுக்கும் ஏற்பாட்டைச் சேருமுன்னரே உறுதிப்படுத்தி அவரிடம் சொல்வது, அந்த முதல் கிழமையின் பாதி அந்தரத்தைக் குறைக்கும்.

கிளினிக்குக்குப் போகும்போது அந்த மடித்த தாளையும் ஆவல் எண் எழுதிய கொப்பியையும் கொண்டுபோங்கள். “எப்படி இருக்கிறீங்க?” என்று கேட்டால் பெண்கள் பலர் “பரவாயில்லை” என்று சொல்லி மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கொப்பி அப்படிச் சொல்லாது: புதன் பின்னேரம் எட்டு, சாப்பிடவில்லை, மாமியோடு வாக்குவாதம், முற்றம் கூட்டினேன், இருபத்தைந்தாவது நிமிடத்தில் மூன்று. அதை வைத்து அடுத்த கிழமைக்கு எதை மாற்றுவது என்று உளவளத்துணையாளரால் கணக்குப் பார்க்க முடியும்.